சின்ன ஹாலுக்குப் பழைய ஸ்டீரியோ ஸ்பீக்கர்: வேலூர்ப் பக்கம் வாங்குவோருக்கான கேள்வி-பதில்

வாடகை வீட்டின் சின்ன ஹாலில் பாட்டு கேட்கப் பழைய ஸ்பீக்கர் ஜோடி தேடுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) தனியாக வைத்து ஒயர் இழுத்து இணைக்கும் சாதாரண ஸ்பீக்கர்களைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறோம். பழைய ஸ்பீக்கரில் பெயர்ப்பலகையைவிட அதன் இன்றைய உடல்நிலைதான் முக்கியம். அதைக் கால் மணி நேரத்தில் எவரும் சோதித்துவிடலாம்.

எங்கள் ஹால் 10-க்கு 12 அடி. எந்த அளவு ஸ்பீக்கர் வாங்குவது?

5 அங்குலம் முதல் 6.5 அங்குலம் வரை வூஃபர் (பேஸ் எனும் தாழ்ந்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்) உள்ள, அலமாரியில் வைக்கும் அளவு ஜோடி போதும். 8 அங்குல வூஃபரே இந்த அறைக்கு மேல் எல்லை. ஆள் உயர டவர் ஸ்பீக்கர் பாதி விலைக்கு வருகிறது என்று ஆசைப்பட வேண்டாம். அதன் தாழ்ந்த ஒலியை இந்த அறை தாங்காது.

காரணம் அறையின் அளவிலேயே இருக்கிறது. இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒலி போய்த் திரும்பும்போது குறிப்பிட்ட சில அதிர்வெண்கள் மட்டும் ஊதிப் பெருகும். 12 அடிக்கு அது ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ். நம் வீடுகளில் கூரையின் உயரமும் பெரும்பாலும் 10 அடி என்பதால் அந்த 56 ஹெர்ட்ஸ் இரட்டிப்பாக எழும்பும். டைல்ஸ் தரையும் காங்கிரீட் கூரையும் பூச்சுச் சுவரும் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அடிக்கும். இப்படிப்பட்ட அறையில் 35 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் பெரிய பெட்டியை வைத்தால் தவிலின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே முழக்கமாகக் குழம்பும். 55, 60 ஹெர்ட்ஸில் மெதுவாக இறங்கத் தொடங்கும் சின்னப் பெட்டியை அறையே தூக்கிக் கொடுக்கும்.

பெட்டியின் பின்னால் காற்றுக்கான ஓட்டை உள்ளது நல்லதா, மூடிய பெட்டி நல்லதா?

சுவரை ஒட்டித்தான் வைக்க முடியும் என்றால் மூடிய பெட்டி, அல்லது முன்பக்கம் ஓட்டை உள்ளது. மூடிய பெட்டியின் தாழ்ந்த ஒலி படிப்படியாகக் குறையும். ஓட்டைப் பெட்டி ஓர் எல்லை வரை முழுதாகக் கொடுத்துவிட்டு அதற்குக் கீழே சட்டென்று விழும். பின்பக்க ஓட்டை உள்ளதை வாங்கினால் சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வைக்க இடம் வேண்டும். இடமில்லையென்றால் அந்த ஓட்டையில் சுத்தமான பழைய காலுறையைச் சுருட்டி அடைத்துப் பாருங்கள். முழக்கம் குறையும், பெட்டிக்கு ஒன்றும் ஆகாது.

எத்தனை வாட் வேண்டும்?

இந்தக் கேள்வியே வாங்குபவரைத் திசை திருப்புகிறது. பார்க்க வேண்டியது, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் வருகிறது என்பதை. பின்பக்க ஸ்டிக்கரில் 86, 87, 88 என்று போட்டிருக்கும். 87 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 20 வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 100 டெசிபெல். ஆறு அடி தள்ளி உட்கார்ந்து நிம்மதியாகக் கேட்க சராசரியாக ஒரு வாட்டே அதிகம். மிருதங்கத்தின் திடீர் அடி மாதிரி உச்சங்களுக்குத்தான் மிச்சம் தேவை. ஆகவே ஒரு பக்கத்துக்கு உண்மையான 20 முதல் 30 வாட் போதும்.

'பிஎம்பிஓ 3000 வாட்' என்று ஒட்டியிருந்தால் அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. 'ஆர்எம்எஸ்' (தொடர்ந்து தரக்கூடிய வாட்) என்று போட்டிருப்பதை மட்டும் படியுங்கள்.

வேலூரில் எங்கே தேடுவது?

ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் காட்பாடிப் பக்கம் பாருங்கள். விஐடியில் படிப்பு முடித்து ஊருக்குப் போகிற மாணவர்கள் சாமான்களை விற்றுவிட்டுப் போகும் காலம் அது. மாற்றலாகிப் போகும் குடும்பங்கள் சத்துவாச்சாரியிலும் பாகாயத்திலும் உண்டு. ஓஎல்எக்ஸிலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் வேலூரோடு நிறுத்தாமல் ராணிப்பேட்டை, ஆற்காடு, ஆம்பூர், குடியாத்தம் என்று தனித்தனியாகத் தேடுங்கள். ஊர்ப் பெயர் மாறினால் பட்டியலும் மாறும். தேடும்போது 'ஸ்பீக்கர்' மட்டும் போடாமல் 'பாக்ஸ்', 'சவுண்ட் பாக்ஸ்', 'மியூசிக் சிஸ்டம்' என்றும் போடுங்கள். பொருளின் பெயர் தெரியாமல் விற்பவரிடம்தான் நல்ல ஜோடி அடிக்கடி கிடைக்கிறது.

இங்கே அமையாவிட்டால் காட்பாடி ஜங்ஷனிலிருந்து ரயில் ஏறிச் மின்னணுச் சாமான் சந்தையான சென்னை ரிச்சி தெருவுக்குப் போகலாம். பெங்களூருக்கும் அதே ஸ்டேஷனில் ரயில் உண்டு. ஆனால் ஸ்பீக்கரை நேரில் கேட்காமல் பார்சலில் வரவழைக்க வேண்டாம். வழியில் விழுந்து காந்தம் நகர்ந்துவிட்டால் யார் மேல் குற்றம் என்று சொல்ல முடியாது.

பார்க்கப் போகும்போது என்ன எடுத்துப் போவது?

ஒரு பென்சில் பேட்டரி (1.5 வோல்ட்), மல்டிமீட்டர், இரண்டு மீட்டர் ஒயர் இரண்டு துண்டு, டார்ச், நட்சத்திரத் திருப்புளி. போனில் டோன் ஜெனரேட்டர் (நாம் சொல்லும் ஹெர்ட்ஸில் ஒலி எழுப்பும்) செயலி ஒன்றும், மனப்பாடமாகத் தெரிந்த இரண்டு மூன்று பாட்டும். விற்பவரிடம் ஆம்ப் இல்லையென்றால் சின்ன ஆம்ப் ஒன்றைக் கடன் வாங்கியாவது எடுத்துப் போங்கள். "ஓடும் சார், ஆம்ப்தான் இல்ல" என்ற சொல்லை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

எந்த வரிசையில் சோதிப்பது?

முதலில் கண்ணால். முன் வலையைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். வூஃபரில் முன்னும் பின்னும் அசையும் கோனைச் சுற்றியுள்ள எட்ஜ் (ஓர வளையம்) ரப்பரா, ஃபோமா, துணியா என்று பாருங்கள். ரப்பர் என்றால் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபோம் என்றால் விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். பிசுபிசுப்பாக ஒட்டினாலோ தூளாக உதிர்ந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. இரண்டு பக்க வூஃபரும் ஒரே நிறம், ஒரே திருகு, ஒரே தூசி மூடி (கோனின் நடுவிலுள்ள வட்டம்) கொண்டவையா? ஒன்றில் மட்டும் திருகுத் தலை தேய்ந்திருந்தால் அது ஒருமுறை வெளியே வந்திருக்கிறது. ஏன் என்று கேளுங்கள்.

பிறகு கையால். தூசி மூடியைத் தொடாமல், கோனைச் சுற்றி நான்கு விரல்களைச் சமமாக வைத்து அரை சென்டிமீட்டர் மெதுவாக உள்ளே தள்ளி விடுங்கள். சத்தமில்லாமல் போய் வர வேண்டும். 'சர்' என்று உரசல் கேட்டால் காயில் (கோனின் பின்னாலுள்ள கம்பிச் சுருள்) காந்தத்தில் இடிக்கிறது: எரிந்து வீங்கியிருக்கலாம், பெட்டி கீழே விழுந்திருக்கலாம். விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள். மூடிய பெட்டி என்றால் தள்ளிய கோன் மெதுவாகத் திரும்ப வேண்டும். உடனே துள்ளினால் எங்கோ காற்று கசிகிறது.

அடுத்து பேட்டரி. பேட்டரியின் நேர்முனையைச் சிவப்பு டெர்மினலிலும் எதிர்முனையைக் கறுப்பிலும் ஒரு நொடி தொடுங்கள். கோன் முன்னால் வர வேண்டும். ஒரு பெட்டியில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் போனால் ஒன்றின் உள் இணைப்பைத் தலைகீழாக்கியிருக்கிறார்கள். அப்படியே கேட்டால் பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கரைந்துபோவார், தாழ்ந்த ஒலியும் ஒன்றையொன்று தின்றுவிடும். இது கோளாறல்ல, ஒயரை மாற்றிப் போட்டால் சரி. விற்பவருக்கு அது தெரியாமல் 'சவுண்டு சரியில்ல' என்று விலையைக் குறைத்திருந்தால் உங்களுக்கு லாபம். 9 வோல்ட் பேட்டரி வேண்டாம். 1.5 வோல்ட் அரை வாட்டுக்கும் குறைவாகத்தான் கொடுக்கும். 9 வோல்ட் பல வாட் நேர் மின்சாரத்தை (டிசி) காயிலில் தள்ளிவிடும்.

கடைசியில் காது. ஒவ்வொரு பெட்டியாக ஓட விட்டு, ட்வீட்டருக்கு (மேல் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) அரை அடி பக்கத்தில் காதை வையுங்கள். ஜால்ராவின் 'ஸ்ஸ்' அங்கிருந்து வருகிறதா? இரண்டிலும் ஒரே அளவா? தூரத்தில் நின்றால் ஒரு ட்வீட்டர் செத்திருப்பதே தெரியாது. பழைய ஜோடிகளில் ஏமாந்து வாங்கும் குறை இதுதான். அதன்பின் டோன் செயலியில் 200 ஹெர்ட்ஸிலிருந்து 40 வரை குறைந்த ஒலியில் மெதுவாக இறக்குங்கள். ஏதாவது ஓர் இடத்தில் கடகடத்தால் முதலில் வலை, திருகு, பெட்டி மேல் வைத்த பொருள் ஆகியவற்றைக் கையால் அமுக்கிப் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் கோளாறு வூஃபரில்.

8 ஓம் என்று எழுதியிருக்கிறது, மீட்டரில் 6.2 காட்டுகிறது. கெட்டதா?

நல்லதுதான். மீட்டர் காட்டுவது காயில் கம்பியின் நேர் மின்தடை. 8 ஓம் ஸ்பீக்கரில் அது 5.5 முதல் 7 வரை இருக்கும். 4 ஓமில் 3 முதல் 3.6. இரண்டு பெட்டிக்கும் வித்தியாசம் 0.3-க்குள் இருந்தால் நல்லது. எல்லையில்லை என்று காட்டினால் காயில் அறுந்தது. ஒன்றில் 6, இன்னொன்றில் 3.4 என்றால் ஒன்றில் வேறு காயில் கட்டியிருக்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: இந்த அளவு வூஃபரை மட்டுமே சொல்கிறது. ட்வீட்டருக்கு முன்னால் கெப்பாசிட்டர் இருப்பதால் மீட்டரின் மின்சாரம் அங்கே போகாது. மீட்டரில் தேறியதாலேயே ட்வீட்டர் உயிரோடிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்னால் நான்கு டெர்மினல் உள்ள பெட்டிகளில் இணைப்புத் தகட்டைக் கழற்றி மேல் ஜோடியை அளந்தால் பெரும்பாலும் திறந்த சுற்று என்றுதான் காட்டும். அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம்.

ஃபோம் உதிர்ந்திருக்கிறது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. வாங்கலாமா?

காயில் உரசாவிட்டால் தாராளமாக வாங்கலாம், ஆனால் அந்த விலைக்கு. பாலியூரித்தேன் ஃபோம் ஈரக்காற்றாலும் வெப்பத்தாலும் வெளிச்சத்தாலும் பத்துப் பதினைந்து வருடத்தில் தானே மக்கும். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம். பெட்டிக்குள் ஒரு தடவைகூட ஓடாத ஸ்பீக்கரிலும் இது நடக்கும். ஆகவே 'அதிகம் பயன்படுத்தவில்லை' என்பது ஃபோமுக்குப் பொருந்தாது.

புது எட்ஜ் வாங்க '6 இன்ச்' என்று மட்டும் சொன்னால் தவறானது வரும். நான்கு அளவு எடுங்கள்: ஃபோமின் வெளி விட்டம், வளைவின் வெளி விட்டம், வளைவின் உள் விட்டம், கோனில் ஒட்டும் உள் விட்டம். பழைய பசையை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் எடுக்க வேண்டும். காகிதக் கோன் ஊறக் கூடாது. முதலில் கோனில் ஒட்டிக் காய விட்டு, அதன்பின் சட்டத்தில் ஒட்டும்போது 30 ஹெர்ட்ஸ் டோனை மிகக் குறைந்த ஒலியில் ஓட விட்டு உரசல் இல்லாத நடு இடத்தில் நிறுத்துங்கள். 24 மணி நேரம் தொடாதீர்கள். ஃபெவிக்விக் போன்ற பசை வேண்டவே வேண்டாம். கல்லாக இறுகி, அந்த இடத்திலேயே எட்ஜ் மறுபடி கிழியும்.

கடையில் கொடுப்பதானால் ஒன்றை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "ஃபோமோ ரப்பரோதான் போடணும், மைக்செட் ஸ்பீக்கருக்குப் போடுற துணி எட்ஜ் வேண்டாம்." கோன் மாற்றும் கடைகளில் அதிகம் வருவது மைக்செட் வேலை என்பதால் கையில் இருப்பது விறைப்பான துணி எட்ஜ். அதைப் போட்டால் கோன் அசைவது குறைந்து தாழ்ந்த ஒலி காணாமல் போகும். ஸ்பீக்கர் ஓடும், ஆனால் அது பழைய ஸ்பீக்கர் அல்ல. கோனையும் காயிலையும் சேர்த்து மாற்றியதும் அப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் மாற்றியிருந்தால் ஜோடி பிரிந்துவிட்டது என்றே கொள்ளுங்கள்.

ட்வீட்டர் குமிழ் உள்ளே அமுங்கியிருக்கிறது.

குழந்தை உள்ள வீடுகளில் சகஜம். பட்டுத்துணிக் குமிழ் என்றால் ஒட்டும் நாடாவை மெல்ல ஒட்டி இழுத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும், ஒலிக்கும் பெரிய பாதிப்பு இராது. உலோகக் குமிழ் என்றால் மடிப்பு நிற்கும், அதை நிமிர்த்தப் போனால் கிழியும். குறையாகக் கணக்கிட்டு விலை பேசுங்கள்.

இரண்டு ட்வீட்டரும் சமமாக மங்கிக் கேட்டால் கிராஸ்ஓவரில் (வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்தனுப்பும் சுற்று) உள்ள பழைய எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கலாம். முனை வேறுபாடில்லாத வகையாக, அதே மைக்ரோஃபாரட் எண்ணில் மாற்ற வேண்டும். எண்ணை மாற்றினால் ட்வீட்டர் வேலை தொடங்கும் இடமே மாறும்: 8 ஓமுக்கு 4.7 மைக்ரோஃபாரட் என்றால் சுமார் 4200 ஹெர்ட்ஸ். 10 போட்டால் 2000-க்கு இறங்கி, தாங்க முடியாத தாழ்ந்த ஒலி போய்ச் சின்னக் காயில் எரியும்.

மைக்செட் பாக்ஸ், ஹோம் தியேட்டர் பெட்டி, கார் ஸ்பீக்கர் போட்ட பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே?

மைக்செட் சுவர் ஸ்பீக்கர்களில் பலவும் 100 வோல்ட் லைனுக்கானவை. உள்ளே சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். வீட்டு ஆம்பில் மாட்டினால் முனகும் அளவுக்குத்தான் சத்தம் வரும். பின்னால் '100 வோல்ட்' என்றோ வாட் வாரியாகத் தனித்தனி இணைப்பு முனைகளோ இருந்தால் விட்டுவிடுங்கள். ஹோம் தியேட்டர் செட்டிலிருந்து பிரித்த குட்டிப் பெட்டிகளில் 3 அங்குலத் தனி ஸ்பீக்கர்தான் இருக்கும். சப்வூஃபர் இல்லாமல் அவற்றில் உடுக்கை உண்டு, தவில் இல்லை. பலவும் 3 ஓம் என்பதால் ஆம்பும் சூடாகும். தச்சரிடம் பெட்டி செய்து 6-க்கு 9 ஓவல் கார் ஸ்பீக்கர் போட்டவை 4 ஓம். சத்தத்துக்குக் குறையில்லை, ஆனால் குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கும். குரலும் வீணையும் கேட்கிறவர்களுக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

எந்த பிராண்ட்?

வார்ஃப்டேல், மிஷன், போல்க், ஜேபிஎல், யமஹா, கொல்கத்தாவின் சோனோடைன் ஆகியவற்றின் சின்ன ஜோடிகள் கண்ணில் பட்டால் போய்ப் பாருங்கள். அதற்கு மேல் பெயருக்காகப் பணம் கொடுக்க வேண்டாம். வெள்ளைக் கோன் யமஹா என்எஸ்-10எம் 1978-இல் வீட்டுக்காக வந்து ஸ்டூடியோக்களில் புகழ்பெற்றது. அதன் பெயருக்கு விலை ஏறிவிட்டது, உற்பத்தியும் 2001-இல் நின்றது. தாழ்ந்த ஒலி குறைவு, மேல் ஒலி கூர்மை. டைல்ஸ் போட்ட சின்ன அறைக்கு அது பொருத்தமில்லை.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த, உள்ளேயே ஆம்ப் உள்ள ஸ்பீக்கர்?

பின்பக்கத்து வோல்டேஜைப் படிக்காமல் செருகாதீர்கள். அமெரிக்கா 120, ஜப்பான் 100, சவூதியின் பழைய இணைப்புகள் 127 வோல்ட். நம் 230-இல் செருகினால் ஒரே நொடி. '100–240' என்றோ மாற்றும் ஸ்விட்ச்சோ இருந்தால் பிரச்சினையில்லை.

ஆம்ப் எது?

வேலை செய்யும் பழைய ஸ்டீரியோ ஆம்ப் எதுவானாலும் சரி. மாட்டுமுன் அவுட்புட்டில் நேர் மின்னழுத்தத்தை (டிசி வோல்ட்) அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்டுக்குள் இருக்க வேண்டும். வோல்ட் கணக்கில் வந்தால் அது வூஃபரை எரித்துவிடும். புதிதாக வாங்குவதானால் டிபிஏ3116 சிப் போட்ட சின்ன ஆம்ப், 24 வோல்ட் 4 ஆம்பியர் அடாப்டருடன், 8 ஓமில் பக்கத்துக்கு ஏறக்குறைய 30 வாட் கொடுக்கும். இந்த வகையில் ஸ்பீக்கரின் கறுப்பு முனை பூமி இணைப்பு அல்ல. இரண்டு பக்கக் கறுப்பையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் சிப் கெட்டுப்போகலாம். பழைய பழக்கத்தில் பலர் செய்யும் தவறு.

ட்வீட்டர்கள் எரிவதும் ஆம்பால்தான். சின்ன ஆம்பை முழு ஒலியில் வைத்தால் அலையின் உச்சி வெட்டுப்படும். அந்த வெட்டிலிருந்து பிறக்கும் மேல் அதிர்வெண்கள் நேராக ட்வீட்டருக்குப் போகும். ஒலி கரகரக்கத் தொடங்கினால் உடனே குறையுங்கள்.

ஒயர்?

1 அல்லது 1.5 சதுர மி.மீ. செம்பு, வீட்டு வயரிங்குக்கு விற்பதே போதும். இரண்டு பக்கமும் ஒரே நீளம் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. செம்பு முலாம் பூசிய அலுமினியத்தைத் தவிருங்கள்.

எங்கே, எப்படி வைப்பது?

பெட்டிகளுக்கு நடுவே 5 முதல் 6 அடி, நீங்கள் உட்காரும் இடத்துக்கும் அதே தூரம், ட்வீட்டர் காது உயரத்தில். தரையில் வைத்தால் முழங்கும். ஷோகேஸின் மேல் தட்டில் வைத்தால் குரல் கூரையிலிருந்து வரும். ஒன்றை மூலையில் திணித்து இன்னொன்றைக் கதவோரம் வைத்தால் மூலையில் உள்ளது மட்டும் ஊதும். ஒரு சுவர் சேர்ந்தால் தாழ்ந்த ஒலி 6 டெசிபெல் வரை ஏறும், மூலை என்றால் இன்னும் அதிகம்.

உங்கள் நாற்காலியின் இடமும் சேர்த்தி. பின்சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்தால் முழக்கம் உச்சத்தில். அறையின் சரிபாதியில் உட்கார்ந்தால் அந்த 47 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய மறைந்தே போகும். இரண்டுக்கும் நடுவே, பின்சுவரிலிருந்து மூன்று நான்கு அடியில் நாற்காலியை அரை அடி அரை அடியாக நகர்த்திக் கேளுங்கள். ஆம்ப் மாற்றுவதைவிட இது அதிகம் மாற்றிக் காட்டும். கைதட்டினால் 'டிங்' என்று திரும்பும் ஹாலில் ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே ஜமுக்காளம் ஒன்றை விரித்து, பின்சுவருக்குப் பக்கத்தில் துணி அலமாரியோ புத்தக ரேக்கோ வைத்தால் பாதி சரியாகும்.

லைன் வீடு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். என்ன செய்யலாம்?

சுவரைத் தாண்டுவது தாழ்ந்த ஒலிதான். பொதுச் சுவரில் பெட்டியை ஒட்டாமல், அதற்கு எதிர்ச் சுவரில் வையுங்கள். அடியில் தடித்த ரப்பர் துண்டு நான்கு போடுங்கள். சப்வூஃபர் வேண்டாம்.

விலை எப்படிப் பேசுவது?

இன்று அதே மாடலோ அதன் வாரிசோ புதிதாக என்ன விலை என்று பார்த்து, குறையில்லாத ஜோடிக்குப் பாதியை உச்சமாக வையுங்கள். ஃபோம் மக்கியிருந்தால் இரண்டு பக்கச் செலவையும் கழியுங்கள். ஒற்றை ட்வீட்டர் செத்து, அந்தப் பாகம் இன்று கிடைக்காத மாடல் என்றால் அதை ஜோடியாகக் கணக்கிடவே கூடாது. நேரில் பார்க்கும் முன் முன்பணம் கேட்டாலும், பணம் வாங்கிக்கொள்ள க்யூஆர் ஸ்கேன் செய்யச் சொன்னாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

பெட்டிக்குள் என்ன பார்க்க வேண்டும்?

ஓட்டைக்குள் டார்ச் அடியுங்கள். குளவிக் கூடு, பல்லி முட்டை, எலி இழுத்துப்போன பஞ்சு எல்லாம் நம் பக்கம் சாதாரணம். கூடு எடுத்தால் போயிற்று. அடிப்பலகையின் ஓரம் உப்பியிருந்தால் மழைத் தண்ணீரோ தரை கழுவிய தண்ணீரோ ஏறியிருக்கிறது. நகத்தால் அழுத்தினால் அமுங்கும் துகள் பலகையில் திருகு நிற்காது. மண் கோடு தெரிந்தாலோ தட்டினால் பொக்கென்று கேட்டாலோ கரையான். அதை எந்த விலைக்கும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், நிலைக்கதவுக்கும் பரவும்.

பைக்கிலோ பஸ்ஸிலோ கொண்டுவரலாமா?

கொண்டுவரலாம். இரண்டு பெட்டியையும் முகத்துக்கு முகம் வைத்து, நடுவே வெட்டிய அட்டைத் தாளைக் கொடுத்து, போர்வையில் சுற்றிக் கட்டுங்கள். அட்டை கோனைத் தொடாமல் சட்டத்தில் மட்டும் படிய வேண்டும். பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளாமல் மடியிலோ பக்கத்திலோ வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் மீட்டரில் ஒருமுறை அளந்து, கோனை ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு ஆம்பை இணையுங்கள். முதல் பாட்டு குறைந்த ஒலியில்.